ஷ்ராப்ஷயர்: ஆப்பு அடிச்சு நிறுத்துன இரும்புப் பாலம்

வணக்கம் மக்களே! தண்ணி சத்தம் கேக்குதா? கீழ ஓடுறது செவர்ன் ஆறு. இங்கிலாந்துல, வேல்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிற ஷ்ராப்ஷயர் கவுண்டிக்கு, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, வந்திருக்கேன். வர்ற வழியெல்லாம் புல்வெளியும் செம்மறி ஆடும்தான். ஆனா 200 வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பள்ளத்தாக்குல ராத்திரியிலயும் உலை எரிஞ்சு வானமே சிவந்து கிடக்குமாம்.

பக்கத்துலதான் கோல்புருக்டேல். ஆபிரகாம் டார்பின்னு ஒருத்தர், சமையல் பாத்திரம் வார்க்கிற தொழில் பண்ணவர். அப்போ இரும்பு உருக்க மரக்கரிதான். நிலக்கரியை அப்படியே போட்டா அதுல இருக்கிற கந்தகம் இரும்பைக் கெடுத்துடும். இவர் நிலக்கரியை முதல்லயே சுட்டு, கோக் ஆக்கி, 1709ல அதுல இரும்பு உருக்கினார். காட்டை வெட்டாமலே எவ்வளவு இரும்பு வேணும்னாலும் எடுக்கலாம்னு ஆச்சு. அந்தப் பழைய உலை இன்னும் அங்க இருக்கு.

அவரோட பேரன், அவர் பேரும் ஆபிரகாம் டார்பிதான், 1779ல எழுப்புனதுதான் நான் நிக்கிற இந்தப் பாலம். பெரிய அளவுல இரும்புல கட்டின உலகத்தோட முதல் பாலம். ஆத்துல படகுப் போக்குவரத்து ஜாஸ்தி, அதனால நடுவுல தூண் வைக்க முடியாது. ஒரே வளைவு, 30 மீட்டர் அகலத்தைத் தாண்டுது.

இருங்க, கேமராவை கிட்ட கொண்டு போறேன். இந்த மூட்டைப் பாருங்க. ஒரு சட்டத்துல துளை விட்டிருக்காங்க, இன்னொண்ணை அதுக்குள்ள சொருகி, ஆப்பு அடிச்சு இறுக்கியிருக்காங்க. தச்சு ஆசாரி மரத்துல செய்யிற வேலை இது! இரும்புல பாலம் கட்டின அனுபவம் யாருக்கும் இல்லை, கை பழகினது மரவேலை. அதையே இரும்புக்குக் கொண்டு வந்துட்டாங்க. 1,700க்கு மேல துண்டுகள், ஒவ்வொண்ணா வார்த்தது. இதைத் தொட்டுப் பாக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்குது.

1795ல பெரு வெள்ளம் வந்தப்போ செவர்ன்ல மத்த பாலமெல்லாம் அடி வாங்குச்சு, இது அசையல. ஆனா ரெண்டு கரையும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள நெருங்குது. அதனால 1970கள்ல ஆத்துக்கு அடியில கான்கிரீட் முட்டுக் கொடுத்திருக்காங்க. ரொம்ப நாளா சாம்பல் நிறத்துல இருந்த பாலம், பழைய பெயின்ட்டை ஆராய்ஞ்சு பாத்ததுல ஆதி நிறம் தெரிஞ்சு, 2018ல இந்த அடர் செம்பழுப்புக்குத் திரும்புச்சு.

சுங்கச்சாவடி வீட்டுல பழைய கட்டணப் பலகை இருக்கு. அப்போ நடந்து போறவங்களுக்கு அரை பென்னி. அடியில, ராஜ குடும்பமே வந்தாலும் காசு கட்டணும்னு எழுதியிருக்கு!

அடுத்து ஷ்ரூஸ்பரி, சார்ல்ஸ் டார்வின் 1809ல பிறந்த ஊர். அவர் படிச்ச பள்ளிக்கூடம் இப்போ நூலகம், அதுக்கு வெளியில சிலையா உக்காந்திருக்கார்.

ஊர் நடுச் சதுக்கத்துல இன்னொரு சிலை. அங்க என்னால சும்மா கடந்து போக முடியல. ராபர்ட் கிளைவ்! அவரும் இந்தக் கவுண்டிக்காரர்தான். 1744ல மெட்ராசுக்கு கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தரா வந்தவர், 1751ல ஆற்காட்டு கோட்டைக்குள்ள இருந்து முற்றுகையை 50 நாளுக்கு மேல தாக்குப்பிடிச்சார், 1753ல ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரி சர்ச்சுலதான் கல்யாணம். இந்தியாவுல சேத்த செல்வத்தோட திரும்பி வந்து இந்த ஊருக்கே எம்பி ஆனார். 2020ல இந்தச் சிலையை எடுக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானவங்க மனு போட்டாங்க, கவுன்சில் இருக்கட்டும்னு முடிவு பண்ணுச்சு. எனக்கு அது இவ்வளவு உயரத்துல நிக்கிறது வலிக்குதுங்க, மறைக்க விரும்பல.

இதே கவுண்டியில மோர்ட்டன் சே-ன்னு ஒரு குட்டிக் கிராமம். 1774ல இறந்த கிளைவை அங்க சர்ச்சுல புதைச்சாங்க, எந்த இடம்னு அடையாளக் கல் வைக்கல. உள்ள சுவத்துல ஒரு பலகை மட்டும் இருக்கு. நாளைக்குக் காலையில அங்கதான் போறேன்.