கிட்டாருக்குக் கிடைத்த மூச்சு

இசை அன்பர்களுக்கு வணக்கம்.

புல்லாங்குழலையும், டிஸ்டார்ஷன் என்னும் கரகரப்பை வேண்டுமென்றே ஏற்றிய மின் கிட்டாரையும் ஒரே மேடையில் வைத்தால் கிட்டார் குழலை விழுங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நேராது என்பதை, 1969-இல் ஆம்ஸ்டர்டாமில் உருவான ஃபோகஸ் என்னும் ராக் குழுவைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். தைஸ் வான் லேர் குழலும் ஆர்கனும் வாசித்தார். யான் ஆக்கர்மன் கிட்டார் வாசித்தார். 'ஹேர்' இசைநாடகத்தின் டச்சு மேடையேற்றத்துக்குப் பின்னணி வாசித்த இக்குழுவினர், பாடல் வரிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டுக் கருவியிசையையே தங்கள் வழியாக்கிக்கொண்டார்கள்.

கிட்டார் தந்தியை மீட்டிய கணத்தில் ஒலி உச்சத்தில் இருக்கிறது. உடனே தேயத் தொடங்குகிறது. குழலோ மூச்சு உள்ளவரை கார்வை தரும். ஆம்ப்ளிஃபயர் தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றினால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகி, மூல சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர்ந்த அதிர்வுகளான மேற்சுரங்கள் புதிதாகப் பிறந்து, ஒலி கரகரக்கிறது. அதோடு, உரத்த பகுதி மழுங்கி மெலிந்த பகுதி உயர்வதால், தேய வேண்டிய சுரம் நெடுநேரம் நிற்கிறது. டிஸ்டார்ஷனை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குவோர் இந்த இரண்டாவது விளைவைக் கவனிப்பதே இல்லை. கிட்டாருக்கு மூச்சு கிடைப்பது அங்கேதான்.

ஆக்கர்மன் இன்னும் ஒரு படி போனார். வால்யூம் குமிழை முழுக்கக் குறைத்துவைத்துத் தந்தியை மீட்டுவார். தந்தி அதிரத் தொடங்கிய பிறகே சுண்டுவிரலால் குமிழை மெல்லத் திருப்புவார். மீட்டும் கணத்தின் 'டிக்' என்ற ஓசை காதுக்கு எட்டாமலே போக, சுரம் ஊதியதுபோல் எழும். குழலின் ஒலியோ மேற்சுரங்கள் குறைந்த தெளிந்த ஒலி. ஆகவே கிட்டாரின் அடர்த்திக்கு மேலே, உச்ச ஸ்தாயியில், தன் இடத்தை இழக்காமல் ஒலிக்கிறது.

1971-இல் வந்த 'மூவிங் வேவ்ஸ்' தொகுப்பின் முதல் உருப்படி 'ஹோக்கஸ் போக்கஸ்'. ரிஃப் என்னும் குறுகிய கிட்டார் சுரத்தொடர் பல்லவிபோல் மீண்டும் மீண்டும் வர, இடையிடையே பியர் வான் டெர் லிண்டனின் டிரம்ஸ் உருண்டோட, வான் லேரின் யோடல் குரலும் (கீழ்க்குரலுக்கும் மேல்குரலுக்கும் சட்டென்று தாவிப் பாடுவது) சீழ்க்கையும் அக்கார்டியனும் குழலும் மாறிமாறி நுழைகின்றன. பொருளுள்ள ஒரு சொல்கூட இல்லாத அந்த உருப்படி 1973-இல் அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் பிரபல பாடல்களின் பட்டியலில் 9-ஆம் இடத்தைப் பிடித்தது. குழலே முன்னின்று நடத்தும் 'ஹவுஸ் ஆஃப் தி கிங்' உருப்படியை, குழலிசைக்குப் பெயர்பெற்ற ஜெத்ரோ டல் என்னும் பிரிட்டிஷ் ராக் குழுவினுடையது என்று இன்றும் பலர் தவறாக நினைக்கிறார்கள்.

ஆனால் என் மனத்துக்கு மிக நெருக்கமானது 'சில்வியா'. ஒரு பாடகியின் குரலுக்கென்று வான் லேர் அமைத்த மெட்டு அது. 1972-இல் 'ஃபோகஸ் 3' தொகுப்பில் வந்தபோது அந்தக் குரலின் இடத்தில் ஆக்கர்மனின் கிட்டார் இருந்தது. மூச்சுக்கென்று அமைந்த நீண்ட வளைவுகளைத் தந்தி அப்படியே தாங்கிப் பாடியதால்தான் அந்த மாற்றம் நிலைத்தது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இப்போது அதை ஒலிக்கவிடுகிறேன். நீண்ட சுரங்கள் ஒவ்வொன்றும் எங்கே முடிகின்றன என்பதை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.