கண்ணை ஏமாற்றும் தோட்டம்: வோ-லெ-விக்கோம்ட் மாளிகையைப் படம் எடுப்பது எப்படி?

(திரையில்: மாளிகையின் பின்படிக்கட்டிலிருந்து தெரியும் தோட்டம்)

இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். புல்வெளி, குளங்கள், கடைசியில் மேட்டின் மேல் பொன்னிறத்தில் ஒரு ஹெர்குலிஸ் சிலை. பொடிநடையாகப் போய் வந்துவிடலாம் என்றுதான் தோன்றும், ஆனால் நடக்க ஆரம்பித்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும்.

பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 55 கிலோமீட்டரில் இருக்கிறது இந்த மாளிகை. பிரெஞ்சு அரசர் 14ஆம் லூயியின் நிதிப் பொறுப்பாளர் நிக்கோலா ஃபூக்கே கட்டியது. 1661 ஆகஸ்ட் 17 அன்று அரசருக்கே இங்கே பெரிய விருந்து வைத்தார், மூன்று வாரம் முடிவதற்குள் கைதாகிவிட்டார். இதன் தோட்டத்தைப் போட்ட ஆந்த்ரே லெ நோத்ர்தான் அப்புறம் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தையும் போட்டவர்.

சரி, இந்தத் தூரம் எப்படிக் குறைந்து தெரிகிறது? தள்ளி இருப்பது சிறிதாகத் தெரியும் என்பது லெ நோத்ருக்குத் தெரியும், அதனால் தள்ளி இருக்கும் குளத்தைப் பெரிதாக வெட்டிவிட்டார். போதாததற்கு, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளக் கால்வாய் ஒன்றைப் பள்ளத்தில் குறுக்கே ஓட விட்டார். படிக்கட்டில் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது, கிட்டப் போனால்தான் காலடியில் திடீரென்று விரியும்.

அதனால் முதல் படத்தைப் படிக்கட்டின் உச்சியில், நட்டநடுவில் நின்று, கண் உயரத்தில் வைத்து எடுங்கள். அகலமாகக் காட்டும் 24 எம்எம் லென்ஸ் போட்டால் சிலை புள்ளியாகிவிடும், கண் பார்ப்பதுபோலவே காட்டும் 50 எம்எம் பக்கம் போங்கள். ட்ரோன் படம் பிரமாதமாகத்தான் இருக்கும், ஆனால் மேலே போனதும் கால்வாய் அம்பலமாகிவிடும், குளங்களின் நிஜ அளவும் தெரிந்துவிடும், வித்தை போய்விடும். என் பேச்சைக் கேட்பதாக இருந்தால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: சதுரக் குளத்தில் தலைகீழாக மாளிகை)

எனக்கு இங்கே உயிரான இடம் இதுதான். மாளிகையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் குளம், ஆனாலும் அதன் தொலைவான கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் குவிமாடம் வரை தண்ணீரில் விழுந்து கிடக்கிறது. நின்றபடி எடுத்தால் கட்டடத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் அடங்காமல் போகலாம், கேமரா முக்காலியை (ட்ரைபாட்) முழங்காலுக்கும் கீழே இறக்குங்கள், முழு மாளிகையும் உள்ளே வந்துவிடும். காற்று அடித்தால் பொறுமையாகக் காத்திருங்கள், சின்னச் சிற்றலை போதும், எல்லாம் கலைந்துவிடும்.

கட்டடத்துக்குக் கிட்டே வந்ததும் கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காதீர்கள், சுவர்கள் பின்னால் சாய்ந்தமாதிரி ஆகிவிடும். ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவைச் சாய்க்காமலே லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் வகை) இருந்தால் நல்லது, இல்லையென்றால் கேமராவை நேராகவே வைத்து, கீழே வரும் கூடுதல் தரையை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

கடைசியாகச் சிலையடிக்கு ஏறித் திரும்பிப் பாருங்கள். இங்கிருந்து கணக்கு அப்படியே தலைகீழ், பெரிய குளம் கிட்டே, சிறியவை தள்ளி, அதனால் மாளிகை நிஜத்தைவிடத் தூரமாகத் தெரியும். இங்கே தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 200 எம்எம் லென்ஸை மாட்டுங்கள்.