தெப்பக்குளத்துக் கரையிலிருந்து பார்த்தால் தெரிவது

அருட்தந்தை முதல்வர் அவர்களே, மேடையில் இருக்கும் அருட்தந்தையரே, எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே (உங்களைப் பார்த்ததும் பாதிப் பேச்சு மறந்துவிட்டது), நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, பந்தல் போட்ட தம்பிகளே, முன்னாள் மாணவர்களே, வணக்கம்.

நம் தூய வளனார் கல்லூரியின் வரலாறு, கட்டடக்கலை, விடுதி வாழ்க்கை என மூன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சரி, வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். இயேசு சபையினர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய கல்லூரி இது. 1883இல் திருச்சிக்கு வந்தது. பக்கத்திலேயே லூர்து அன்னை ஆலயம், பிரான்சின் லூர்து பேராலயத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது. கூர்முனை வளைவுகளும் வானத்தைத் தொடும் கோபுரமுமாகக் கோதிக் பாணியில் நிற்கிறது. தெப்பக்குளத்துக் கரையில் நின்றால் ஒரு பக்கம் மலைக்கோட்டை, ஒரு பக்கம் இந்தக் கோபுரம். அப்துல் கலாம் 1950களில் இங்கேதான் இயற்பியல் படித்தார். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார் என் தாத்தா. எத்தனை சித்திரங்களைத் தாங்கிய சுவர் இது!

அந்தச் சுவரைப் பற்றித்தான் பேச வந்தேன். சிமெண்ட் நம் ஊரில் பரவுவதற்கு முந்தைய கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். என் தாத்தா வீடும் அப்படித்தான். அடிச்சுவரில் ஒரு முழம் உயரத்துக்குக் காரை உதிர்ந்தது, ஒருவர் வந்து கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார், பளிச்சென்று இருந்தது. அடுத்த மழைக்கு ஈரம் அந்தப் பூச்சுக்கு மேலே ஏறி, இடுப்பு உயரத்தில் உப்புப் பூத்தது. மறுபடி பூசினோம், நெஞ்சு உயரத்துக்கு ஏறியது! மூன்றாம் வருடம் ஒரு வயதான கொத்தனார் வந்தார். கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "சுவருக்கு மூச்சு முட்டுதுய்யா" என்றார். சிமெண்ட் முழுவதையும் உரித்தெடுத்து, கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, குழியில் சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசினார். பாட்டி தினமும் அந்தக் குழியை எட்டிப் பார்த்து, "இன்னும் பக்குவம் வரலையா?" என்று கேட்பார். பல மழை பார்த்தும் அந்தப் பூச்சு இன்னும் உதிரவில்லை.

சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்தோடு உப்பும் சேர்ந்தால் செங்கல் மாவாகிவிடும். சுவர் இருந்தால்தான் சித்திரம், ஐயா!

விடுதியைப் பற்றிப் பேச நேரமில்லை, மன்னியுங்கள். முதல்வர் அவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம்: பழைய கட்டடம் எதில் பழுது பார்ப்பதானாலும் சிமெண்ட் மூட்டை இறங்குவதற்கு முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை அழைத்துச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய கூலியை நாங்கள், முன்னாள் மாணவர்கள், தருகிறோம். முதல் பங்காக என் பணம் இந்த உறையில் இருக்கிறது. பெற்றுக்கொள்ளுங்கள், ஃபாதர்.