ஆலைக்கு ஆள் எங்கிருந்து வரும்?

நண்பர்களே, வணக்கம்.

நாடு வளர வளர, விவசாயத்தில் இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள். 1900இல் அமெரிக்காவில் உழைத்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் விவசாயத்தில் இருந்தார்கள். இன்று நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இதைப் பார்த்துவிட்டு, ‘சரி, வயலை விட்டுவிட்டு ஆலையைக் கட்டுவோம்’ என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். கணக்கே தலைகீழ். எட்டுப் பேர் பாடுபட்டால்தான் பத்துப் பேர் வயிறு நிறையும் என்ற நிலையில், ஆலைக்கு ஆள் எங்கிருந்து வரும்?

சீனா 1958இல் ஆளை இழுத்துத்தான் பார்த்தது. உழவர்களை இரும்பு உருக்க அனுப்பினார்கள். அறுக்க ஆளில்லாமல் கதிர் வயலிலேயே வீணானது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் செத்தார்கள். வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இதை மறக்க முடியாது.

அதே சீனாவில், 1978 கடைசியில், அன்ஹுய் மாகாணத்தின் சியாவோகாங் கிராமத்தில் 18 உழவர்கள் ரகசியமாகக் கூடினார்கள். ஒரு தாளில் எழுதி, சிவப்பு மையில் விரல் பதித்தார்கள். கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது. அரசுக்குரியதை அளந்தது போக மிச்சம் அவரவருக்கு. யாராவது சிறைக்குப் போக நேர்ந்தால், அவர் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பது! தன் உழைப்பின் பலன் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக மனிதர்கள் எவ்வளவு துணிந்திருக்கிறார்கள், பாருங்கள்.

பிறகு அரசே அந்த முறையை ஏற்றது, கொள்முதல் விலையையும் உயர்த்தியது. 1978இல் ஏறத்தாழ 30 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல், 1984இல் 40 கோடி டன்னைத் தாண்டியது. இத்தனைக்கும் தானியம் விதைத்த பரப்பு குறைந்திருந்தது. வயலில் ஆள் மிஞ்சினார்கள், கையில் காசும் மிஞ்சியது. அப்புறம்தான் கிராமங்களிலேயே சிறு தொழிற்சாலைகள் மளமளவென்று முளைத்தன. அந்தச் சரக்கை முதலில் வாங்கியவர்களில் உழவர்களும் உண்டு.

இந்த விளைச்சல் ஏற்றத்தில் புது விதைக்கும் ஒரு பங்கு உண்டு. சீன வேளாண் விஞ்ஞானி யுவான் லாங்பிங் வீரிய ஒட்டு நெல் ஆராய்ச்சியைத் தொடங்கியது 1964இல். அது வயல்களில் பரவலாக இறங்கியது 1976இல். 12 ஆண்டுகள்! நிலத்தைப் பிரித்துக் கொடுத்தால் வருகிற ஏற்றம் ஒருமுறைதான் கிடைக்கும்; 1985இல் விளைச்சல் சரியவும் செய்தது. மறுபடி ஏற வேண்டுமானால் புது விதை வேண்டும், அதற்குப் பல ஆண்டு பொறுமை வேண்டும். பணத்தட்டுப்பாடு என்றதும் அந்த ஆராய்ச்சிப் பணத்தில்தான் அரசுகள் கை வைக்கின்றன. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.