ஏரோதின் பயமும் யோசேப்பின் பயமும்

அவைத் தலைவர் அவர்களே, பாடற்குழுவினரே, அன்பான சகோதர சகோதரிகளே! உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகள்.

வாழ்த்து அட்டைகளைப் பார்த்துப் பழகிய நமக்குக் கிறிஸ்துமஸ் என்றாலே அமைதியான ஓர் இரவுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு நட்சத்திரம், வைக்கோல்மேல் உறங்கும் குழந்தை, சாதுவாக நிற்கும் ஆடுமாடுகள். அந்த அட்டையை ஓரமாக வைத்துவிட்டு மத்தேயுவிலும் லூக்காவிலும் முதல் இரண்டு அதிகாரங்களைப் படித்துப் பாருங்கள். பயப்படாத மனிதரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆலயத்தில் தூபங்காட்டப் போன ஆசாரியன் சகரியா பயந்தார். மரியாள் கலங்கினாள். யோசேப்பு என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார். வயல்வெளியில் இருந்த மேய்ப்பர்கள் மிகவும் பயந்தார்கள். அரண்மனையில் ஏரோது கலங்கினான். அவனோடுகூட எருசலேம் நகரத்தார் அனைவரும் கலங்கினார்கள்.

சகரியாவுக்கும் மரியாளுக்கும் யோசேப்புக்கும் மேய்ப்பர்களுக்கும் பயப்படவேண்டாம் என்று தூதன் சொன்னான். ஏரோதுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இதை நான் வெகுகாலம் கவனிக்கவே இல்லை. அந்தக் கதையில் வேறு எவரையும்விட அதிகமாகப் பயந்தவன் அவன்தான்.

ஏரோது கி.மு. 37 முதல் கி.மு. 4 வரை யூதேயாவை ஆண்ட ராஜா. பெரிய கட்டடக்காரன். எருசலேம் ஆலயத்தைப் புதுப்பித்தவன் அவன்தான். அதோடு மசாதா, மகேருஸ், ஏரோதியம் என்று கோட்டை கோட்டையாகக் கட்டினான். ஓட நேர்ந்தால் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு திசையிலும் அவனுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. ஏரோதியம் இருப்பது பெத்லகேமிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரத்தில். அவன் பயத்துக்குக் கட்டிய மலைக்கோட்டைக்கு அவ்வளவு அருகில்தான் அந்தக் குழந்தை பிறந்தது. கோட்டைகளும் அவனுக்குப் போதவில்லை. தான் நேசித்த மனைவி மரியம்னேயைக் கொன்றான். அவள் பெற்ற மகன்கள் இருவரைக் கி.மு. 7-இல் கழுத்தை நெரித்துக் கொல்லவைத்தான். இன்னொரு மகன் அந்திப்பாத்தரைத் தான் சாவதற்குச் சில நாட்களுக்கு முன்பு கொல்லச் சொன்னான். இப்படிப்பட்டவனிடம் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள், “யூதருக்கு ராஜாவாகப் பிறந்திருக்கிறவர் எங்கே?” என்று கேட்டால் என்ன ஆகும்?

ஏரோதைத் திட்டிவிட்டு நாம் எளிதாக நகர்ந்துவிடலாம். ஆனால் அவன் பயம் நமக்கு அந்நியமானதா? கையில் இருப்பது போய்விடுமோ என்ற பயம் அது. பிள்ளைகள் கைமீறிப் போய்விடுவார்களோ என்று அவர்களை மூச்சுத் திணற வைக்கும் பெற்றோரிடம் அது இருக்கிறது. தனக்குப் பின் வந்த இளைஞன் தன்னைவிடத் திறமைசாலி என்று தெரிந்ததும் அவனுக்கு வேலை கற்றுத்தர மறுக்கும் அதிகாரியிடம் இருக்கிறது. சபைப் பொறுப்புகளில் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்திருப்பவர்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேடையிலிருந்து பெயர் சொல்வது முறையல்ல. இந்தப் பயம் தன்னைக் காத்துக்கொள்ள மற்றவர்களைப் பலி கேட்கும்.

அந்தக் காலத்து உலகத்தில் சமாதானத்துக்குக் குறைவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ரோமப் பேரரசனான அகுஸ்துராயன் ரோமாபுரியில் சமாதானத்துக்கென்றே ஒரு பலிபீடம் எழுப்பி, கி.மு. 9-இல் அர்ப்பணம் செய்தான். படைகள் வென்று நாடுகளை அடக்கிய பிறகு கிடைத்த சமாதானம் அது. குடிமதிப்பு எழுதச் சொன்ன கட்டளை அதே ராயனிடமிருந்துதான் வந்தது. நிறைமாதக் கர்ப்பிணி நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் பயணப்பட்டதும் அதனால்தான்.

இனி யோசேப்புக்கு வருவோம். நற்செய்தி நூல்களில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக இல்லை. அதனாலோ என்னவோ, பிரசங்கங்களில் அவருக்கு இடம் குறைவு. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். “தாவீதின் குமாரனாகிய யோசேப்பே, உன் மனைவியாகிய மரியாளைச் சேர்த்துக்கொள்ள ஐயப்படாதே” என்று தூதன் சொன்னதும் அவர் அப்படியே செய்தார். பிறகு, குழந்தையை ஏரோது தேடுவான், எகிப்துக்கு ஓடிப்போ என்று கட்டளை வந்தது. விடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை, அந்த இரவிலேயே புறப்பட்டார். ஏரோது செத்த பிறகு, திரும்பி வா என்று தூதன் சொன்னான். திரும்பினார். அப்போது மத்தேயு ஒரு வரி எழுதுகிறார். ஏரோதின் மகன் அர்கெலாயு யூதேயாவை ஆளுகிறான் என்று கேள்விப்பட்டு, யோசேப்பு அங்கே போகப் பயந்தார்.

சற்று யோசித்துப் பாருங்கள். தூதனைக் கனவில் மூன்று முறை கண்டவர், தெய்வக் குழந்தையைத் தம் கைகளில் ஏந்தியவர், பயந்தார்! அதுவும் காரணமில்லாத பயம் இல்லை. அர்கெலாயு பட்டத்துக்கு வந்த முதல் பஸ்கா பண்டிகையிலேயே படையை ஏவி ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்றான் என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதியிருக்கிறார். பொறுப்புள்ள தகப்பன் பயப்படத்தான் செய்வான். “இவ்வளவு பார்த்தும் உனக்கு விசுவாசம் இல்லையா?” என்று தேவன் யோசேப்பைக் கடிந்துகொண்டாரா? இல்லை. மறுபடியும் கனவில் எச்சரித்தார். கலிலேயாவுக்கு வழி விட்டார். யோசேப்பு நாசரேத்தில் குடியேறினார். இயேசு நசரேயன் என்று அழைக்கப்பட்டதற்குப் பின்னால் ஒரு தகப்பனின் பயமும் இருக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு முந்தின இரவு நடுங்கிக்கொண்டிருப்பவரிடம், “நீங்கள் பயப்படுவது விசுவாசக் குறைவு” என்று சொல்லிவிட்டு வரும் நல்ல மனிதர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர் ஏற்கெனவே சுமந்த பாரத்தின்மேல் குற்ற உணர்வையும் ஏற்றிவிட்டு, ஜெபித்துவிட்டு வந்ததாக நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பயம் இருந்தபோதும் யோசேப்பு குழந்தையைக் கைவிடவில்லை, தாயைக் கைவிடவில்லை, நடப்பதை நிறுத்தவில்லை. ஏரோதின் பயம் பிள்ளைகளைக் கொன்றது. யோசேப்பின் பயம் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியது. கிறிஸ்துமஸ் தரும் சமாதானம் யோசேப்பு நடந்த அந்தப் பாதையில் கிடைப்பது என்று நான் நம்புகிறேன்.

1944 ஜனவரியில் பெர்லினின் தேகல் சிறையில் இருந்த தீத்ரிக் போன்ஹோஃபர் என்ற இறையியலாளர் நண்பருக்கு எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. ஹிட்லரை எதிர்த்தவர் அவர். அதற்குமுந்தின கிறிஸ்துமஸுக்குச் சக கைதிகளுக்காக ஜெபங்கள் எழுதிக்கொடுத்திருந்தார். ஓர் இரவு குண்டுவீச்சு. எல்லாரும் தரையில் படுத்திருக்கிறார்கள். எப்போதும் விளையாட்டாகப் பேசும் ஒருவர், “கடவுளே, கடவுளே” என்று அலறுகிறார். போதகரான போன்ஹோஃபர் என்ன சொல்லியிருப்பார்? வசனம் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் நீடிக்காது” என்றார், அவ்வளவுதான். அந்த மனிதரின் பயத்தைப் பயன்படுத்தி அவர்மேல் மதத்தைத் திணிப்பது தவறு என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி போன்ஹோஃபரைத் தூக்கிலிட்டார்கள். விசுவாசம் அவரைத் தூக்குமேடையிலிருந்து காப்பாற்றவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவரைக் கவனிக்கும் அளவுக்கு அவரைத் தம் பயத்திலிருந்து விடுவித்திருந்தது.

“சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன், என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்; உலகம் கொடுக்கிறபிரகாரம் நான் உங்களுக்குக் கொடுக்கிறதில்லை” என்று இயேசு சொன்னது எப்போது? காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். அதற்குப்பின், அதே இரவில், கெத்செமனே தோட்டத்தில் அவரே திகிலடைந்து மிகவும் வியாகுலப்பட்டார் என்று மாற்கு எழுதுகிறார். பெத்லகேமில் பிறந்தவர் நம்முடைய பயத்தையும் சேர்த்தே மனிதனாகப் பிறந்தார். பயம் என்றால் என்னவென்று அறியாத ஒருவர் “பயப்படாதே” என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். இவர் சொல்லும்போது கேட்க முடிகிறது.

ஒன்றை மட்டும் நான் இன்னும் தொடவில்லை. தப்பிய குழந்தையைப் பற்றிப் பேசினேன். இயேசுவைக் கொல்லத் தேடி ஏரோது கொல்லவைத்த, தப்பாத பெத்லகேம் குழந்தைகளைப் பற்றிப் பேசவில்லை. அவர்களுடைய தகப்பன்மாருக்கு ஏன் கனவு வரவில்லை? மத்தேயு இதற்கு விளக்கம் தருவதில்லை. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதலடையாதிருக்கிறாள் என்ற எரேமியாவின் பழைய வசனத்தை எடுத்து எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அந்த அழுகையைக் கிறிஸ்துமஸ் கதையிலிருந்து நீக்கவும் இல்லை, அதற்கு ஒரு சமாதானம் சொல்லி மூடவும் இல்லை. நானும் சொல்லப்போவதில்லை. பிள்ளையை இழந்தவர்கள் இந்த அரங்கிலும் இருக்கக்கூடும். கிறிஸ்துமஸ் பாடல்கள் அவர்கள் காதில் எப்படி ஒலிக்கும் என்று மற்றவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

கேள்விகளுக்குப் பதினைந்து நிமிடம் இருப்பதாகத் தலைவர் சொல்கிறார். அநேகமாக முதல் கேள்வி அந்தக் குழந்தைகளைப் பற்றித்தான் இருக்கும். தயங்காமல் கேளுங்கள்.