தட்டு நடுவுல இருக்கற வட்டக் காகிதம், அதாவது லேபிள், அதுல 1963-ன்னு இருக்கு, ஆனா இந்த ரெக்கார்டு 1963-ல வந்ததில்ல!

[திரையில்: கறுப்பு பார்லோஃபோன் லேபிள். "1963" மேல சிவப்பு வட்டம்]

வருஷம் தெளிவா இருக்கு பாருங்க. இத நம்பி "முதல் பதிப்பு"ன்னு பெரிய விலை கொடுத்துடாதீங்க. இந்தத் தட்டு 1965-க்கு முன்னாடி வந்திருக்க வாய்ப்பே இல்ல. ஓரத்துல பொடி எழுத்துல இருக்கற கம்பெனிப் பேர்தான் சாட்சி.

அடிப்படைய வேகமா சொல்லிடறேன். லேபிள்ல அச்சான வருஷம், அந்த ஒலிப்பதிவு முதல்ல வெளியான வருஷம். உங்க கையில இருக்கற தட்டு எப்ப ஆலையில அழுத்தித் தயாரிச்சதுன்னு சொல்றது லேபிளோட நிறமும் வடிவமும்தான். ஏன்னா லேபிள பசை போட்டு ஒட்டறதில்ல. உலர்த்தின காகிதத்த சூடான வினைலுக்கு மேலயும் கீழயும் வச்சு, க்ரூவ், அதாவது ஊசி ஓடற பள்ளம், பதியற அதே அழுத்தத்துல சேர்த்துடறாங்க. லேபிள் விளிம்பு தூக்கிட்டு நின்னா சந்தேகப்படுங்க.

[திரையில்: நாலு லேபிள் வரிசையா]

இப்ப பிரிட்டன் ரெக்கார்டு கம்பெனி பார்லோஃபோன். பீட்டில்ஸோட முதல் எல்பி 1963 மார்ச் 22-ல வந்தப்போ, கறுப்பு லேபிள்ல எழுத்தெல்லாம் தங்க நிறம். சில வாரத்துலயே லோகோ மஞ்சளாச்சு, மத்த எழுத்து வெள்ளியாச்சு. சேகரிக்கறவங்க துரத்தறது அந்தத் தங்கத்தைத்தான். விளக்குக்குக் கீழ சாய்ச்சுப் பாருங்க: தங்க மை பளபளக்கும், மஞ்சள் மை மங்கலாவே நிக்கும். போட்டோவ மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

மஞ்சள் லோகோதானா? அங்கதான் சுவாரசியமே! ரெண்டு இடம் பாருங்க. நடுவுல "சோல்டு இன் யூ.கே."ன்னு ஆரம்பிக்கற வரி இருக்கா? குறிச்ச விலைக்குக் கீழ விக்கக்கூடாதுங்கற நிபந்தனை அது. 1964-ல வந்து 1969-ல போயிடுச்சு. அடுத்து ஓர எழுத்து: "தி பார்லோஃபோன் கம்பெனி"ன்னு ஆரம்பிச்சா பழசு, 1965-லேர்ந்து "தி கிராமஃபோன் கம்பெனி".

ரெண்டையும் சேருங்க. வரி இல்ல, ஓரத்துல பார்லோஃபோன்: 1963-64. வரி இருக்கு, ஓரத்துல பார்லோஃபோன்: 1964-65. வரி இருக்கு, ஓரத்துல கிராமஃபோன்: 1965-69. நம்ம தட்டு இந்தக் கடைசி ரகம். ஒரு பொடி வரிய வச்சு இவ்வளவு நெருங்க முடியறது எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான்! மஞ்சள் போய், வெள்ளி எழுத்தும், தாய்க் கம்பெனி இ.எம்.ஐ.-யோட பேர் போட்ட பெட்டியும் வந்திருந்தா 1969-க்கு அப்புறம்.

அமெரிக்க ரெக்கார்டு கம்பெனி கொலம்பியா இன்னும் சுலபம்: லேபிள்ல கண் மாதிரி இருக்கற லோகோவ எண்ணுங்க. ஆறு கண் 1962 வரைக்கும், ரெண்டு கண் 1970 வரைக்கும், அப்புறம் சிவப்பு லேபிள சுத்தி கம்பெனிப் பேர். பிரிட்டன் கொலம்பியா வேற கம்பெனி, இந்தக் கணக்கு அங்க செல்லாது.

எங்க தப்பு நடக்கும்? மிச்சமிருந்த பழைய லேபிள ஆலைகள் வீணாக்கல. அதனால சில தட்டுல ஒரு பக்கம் பழசு, மறுபக்கம் புதுசு. அப்படி இருந்தா புது லேபிள்தான் கணக்கு. பழைய லேபிள் அப்புறமும் ஓடலாம், புது லேபிள் முன்கூட்டி வராது. உறைய வச்சும் முடிவு பண்ணாதீங்க, உறையும் தட்டும் எப்பவோ மாறியிருக்கலாம்.

உங்க பார்லோஃபோன் தட்டோட ரெண்டு பக்க ஓர எழுத்தையும், அந்த "சோல்டு இன் யூ.கே." வரி இருக்கா இல்லையான்னும் கமெண்ட்ல போடுங்க, வருஷத்த சேர்ந்து பிடிப்போம்.