கின்சா வீதியில் ஒரு கணக்கெடுப்பு

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானியரின் அன்றாட வாழ்வைச் சமூகவியல் எப்படி ஆராய்கிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் கோன் வாஜிரோவிலிருந்துதான் தொடங்குவேன்.

1923 செப்டம்பரில் நிலநடுக்கமும் தீயும் டோக்கியோவின் பெரும்பகுதியை அழித்தன. அதற்குமுன் கிராமத்து வீடுகளை வரைந்து பதிவுசெய்துவந்த கட்டடக்கலை ஆசிரியர் கோன், இப்போது இடிபாடுகளுக்கு நடுவே மக்கள் எழுப்பிக்கொண்ட தற்காலிகக் குடில்களை வரைந்தார். 1925இல் அவரும் உதவியாளர்களும் கின்சா கடைவீதியில் நின்று, போவோர் வருவோர் உடுத்தியிருந்ததை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். ஆண்களில் 100க்கு 67 பேர் மேலைநாட்டு உடையில் இருந்தார்கள். பெண்களிலோ 99 பேர் கிமோனோவில்! குட்டைமுடியும் கவுனுமாக வந்த 'நவீனப் பெண்'ணைப் பற்றிப் பத்திரிகைகள் ஓயாமல் எழுதிய காலம் அது. நாகரிகத்தின் முகப்பான கின்சாவிலேயே கவுன் அணிந்தவர் நூற்றில் ஒருவர்தான். ஊர்ப்பேச்சை நம்பாமல் தெருவில் இறங்கி எண்ணிப் பார்த்ததால் தெரியவந்த உண்மை இது. புதுமணத் தம்பதி ஒருவரின் வீட்டுப் பொருள்களைக்கூட அவர் இப்படியே பட்டியலிட்டார். அற்பம் என்று எதையும் தள்ளாத அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்று அந்த வேலையை அரசே செய்கிறது. 1976 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தேர்ந்தெடுத்த குடும்பத்தினர் தங்கள் நாளைப் பதினைந்து பதினைந்து நிமிடமாகப் பிரித்து எழுதித் தருகிறார்கள். 2021இன் முடிவைக் கேளுங்கள்: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில், குழந்தை வளர்ப்பும் சேர்த்து, வீட்டுவேலைக்கு மனைவி நாளொன்றுக்குச் செலவிடுவது 7 மணி 28 நிமிடம், கணவர் 1 மணி 54 நிமிடம்.

ஆனால் அந்த ஏழரை மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது? அமெரிக்க மானிடவியலாளர் ஆன் ஆலிசன் தம் மகனை டோக்கியோவில் மழலையர் பள்ளிக்கு அனுப்பியபோது, பெந்தோ என்னும் மதிய உணவுப் பெட்டியைக் கவனித்து 1991இல் எழுதினார். அழகாக அடுக்கிய உணவைக் குழந்தை மிச்சமின்றி உண்ண வேண்டும்; ஆசிரியைகள் அதைக் கண்காணிப்பார்கள். பெட்டியின் வழியே தாயும் மதிப்பிடப்படுகிறாள். இந்தப் பதற்றத்தை எழுத நேரப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

2016இல் கணவர்களின் நேரம் 1 மணி 23 நிமிடம். ஐந்தாண்டில் அரை மணி கூடியிருக்கிறது. எனக்கு மகிழ்ச்சிதான். அந்த அரை மணியில் தந்தையர் பெந்தோ கட்டுகிறார்களா, குழந்தையோடு விளையாடுகிறார்களா? மிச்சம் வந்த உணவுக்குப் பள்ளி அவர்களையும் கேட்கிறதா? இனி ஆய்வாளர்கள் அந்தச் சமையலறைகளுக்குப் போய் உட்கார வேண்டும்.